பொல்லால் அடித்துக் கை முறிந்தால் எத்தனை வருடம்?

2024 ஓகஸ்ட் 11, ஞாயிறு, இரவு

மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டது, அவர் எழுதியபடியே:

"அண்ணன், வளவு எல்லைப் பிரச்சினை. கதியால் பிடுங்கினதுல தொடங்கின சண்டை. என்ட தம்பி பொல்லால அடிச்சதுல பக்கத்து வளவுக்காரருக்குக் கை முறிஞ்சிட்டு. வெட்டுக்காயம் ஒண்டும் இல்ல. பொலிஸ் பிடிச்சிக்கொண்டு போயிட்டாங்க. கொலை முயற்சி எண்டு ஒராள் சொல்றார். பத்து வருஷம் எண்டு இன்னொராள். கனடாவுல இருக்கிற மாமா 'அக்கிரவேட்டட் அசோல்ட், பதினாலு வருஷம்' எண்டு போன்ல சொல்லி அம்மாவைப் படுக்கையில போட்டுட்டார். எது உண்மை?"

முதலில் அம்மாவை எழுப்பிச் சாப்பிட வையுங்கள்.

மாமா சொன்னது கனடாச் சட்டம். அங்கே அந்தப் பெயரில் ஒரு குற்றம் இருக்கிறது, உச்சம் 14 வருடம். ஆனால் அது ஊனமாக்கினால், உருவத்தைச் சிதைத்தால், உயிருக்கு ஆபத்து வந்தால் என்று பெரிய காயங்களுக்கானது. வெறும் கை முறிவென்றால் அங்கேயும் அநேகமாக அதற்குக் கீழே உள்ள குற்றம்தான், அதற்கு உச்சம் 10. நம்முடைய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் அந்தப் பெயரே கிடையாது. 1883 ஆம் ஆண்டுச் சட்டம் நம்முடையது. அதில் அடிதடி படிப்படியாக ஏறும்.

சாதாரண காயம் 314 ஆம் பிரிவு. ஒரு வருடம் வரை மறியல் (சிறை), அல்லது 1000 ரூபாய் வரை குற்றப்பணம், அல்லது இரண்டும். அதே சாதாரண காயத்தை ஆபத்தான ஆயுதத்தால் செய்தால் 315, மூன்று வருடம் வரை. பாரதூரமான காயம் 316, ஏழு வருடம் வரை, குற்றப்பணமும் உண்டு. பாரதூரமான காயம், அதுவும் ஆயுதத்தால் என்றால் 317, பத்து வருடம் வரை, குற்றப்பணமும். கொலை முயற்சி 300, அதற்கு இருபது வருடம் வரை போகலாம். ஆனால் கொல்லும் எண்ணத்தைக் காட்ட வேண்டும். கையில் விழுந்த ஒரு பொல்லடியை வைத்து அதைக் காட்டுவது லேசில்லை.

எலும்பு முறிந்தால் அது 311 இன்படி பாரதூரமான காயம். ஆகவே உங்கள் தம்பிக்கு 316 அல்லது 317. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்தப் பொல்லு.

ஒவ்வொரு இடத்திலும் "வரை" என்று எழுதியிருக்கிறேன். தட்டச்சுப் பழக்கம் என்று நினைத்துத் தாண்டிப் போக வேண்டாம்.

நான் சட்டத்தரணி இல்லை. கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் 18 வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். அதற்கு முதல் ஒரு வழக்கில் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனாக, கூண்டில் நின்றிருக்கிறேன். இந்த விசயத்தில் பின்னதுதான் பெரிய தகுதி.

ஓகஸ்ட் 11, அரை மணித்தியாலம் கழித்து

இன்னொருவர் கேட்கிறார், ஆஸ்பத்திரியில் 20 நாள் படுத்தால்தானே பாரதூரமான காயம் என்று. ஓம் என்று பதில் போட்டுவிட்டேன். பிழை. அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்த 20 நாள் 311 இல் உள்ள பல வகைகளில் ஒன்று மட்டும். அதுவும் கட்டிலில் கிடந்த கணக்கில்லை. 20 நாளுக்குக் கடும் நோவோடு இருந்தாரா, அல்லது வழமையான வேலையைச் செய்ய முடியாமல் இருந்தாரா என்பதுதான் கேள்வி. இரண்டு நாளில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்கு வந்தவரும் அதில் வரலாம். மற்ற வகைகளுக்கு நாள் கணக்கே வேண்டாம். கண், காது, ஒரு அவயவம், ஒரு மூட்டு நிரந்தரமாகப் பழுதானால், முகத்தில் மாறாத வடு வந்தால், எலும்போ குருத்தெலும்போ பல்லோ உடைந்தால், மூட்டு விலகினால் போதும்.

பல்லும்தான். கவனிக்க. கன்னத்தில் ஒரு அறை என்று தொடங்கி, ஆடாத பல் ஒன்று உடைந்து 316 இல் போய் நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன். அடிக்கிறவனுக்குத் தன் கைப்பலம் தெரியும், எதிராளியின் பல்பலம் தெரியாது.

ஓகஸ்ட் 12

"அசோல்ட் என்றால் அடிப்பதுதானே, அப்ப ஏன் இத்தனை பிரிவு?"

நம்முடைய சட்டக்கோவையில் அந்தச் சொல்லுக்கு அடி விழவே தேவையில்லை. இப்போது அடிக்கப் போகிறான் என்று எதிரே நிற்பவர் பயப்படும்படி கையை ஓங்கினாலே போதும். தொட்டால் அது பலாத்காரம். நோவு வந்தால் காயம். எலும்பு போனால் பாரதூரமான காயம். கை கீழே இறங்க இறங்கப் பிரிவின் இலக்கம் குறையும், வருடம் கூடும். 342 இல் ஓங்கிய கை 316 இல் விழுகிறது என்று எங்கள் கந்தோரில் சொல்லிச் சிரிப்போம். கட்சிக்காரர் இல்லாத நேரத்தில்தான்.

ஓகஸ்ட் 14

தம்பிக்குப் பிணை கிடைக்கவில்லை, 28 வரை விளக்கமறியல். வீட்டில் அழுகை. நாலு பேர் நாலு விதமாக எழுதியிருக்கிறீர்கள், "காசு வாங்கிட்டாங்க" உட்பட.

1997 ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின் நோக்கு, பிணை கொடுப்பது வழமை, மறுப்பது விதிவிலக்கு என்பதுதான். ஆனால் ஆள் ஓடிவிடுவார், சாட்சிகளைக் குழப்புவார், வெளியே வந்து இன்னொரு குற்றம் செய்வார், ஊரில் கலவரம் வரும் என்று நம்பக் காரணம் இருந்தால் நீதவான் மறுக்கலாம். பக்கத்து வளவு, ஒரே வேலி. வீட்டுக்கு விட்டால் அடுத்த நாள் என்ன நடக்கும் என்று எவருக்கும் யோசனை வரத்தான் செய்யும். அடுத்த தவணைக்குப் போகும்போது, தம்பி வேறு ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குவார் என்று சட்டத்தரணி மூலம் சொல்லுங்கள். மண்டூர்ப் பக்கம் மாமி இருக்கிறா என்று எழுதியிருந்தீர்களே, அங்கே அனுப்பலாம். பிணையாளுக்குக் கிராம சேவகரின் உறுதிக் கடிதத்தை இப்போதே எடுத்து வையுங்கள். தவணை நாள் காலையில் அவரைத் தேடி ஓடி, அவர் கூட்டத்துக்குப் போய்விட்டதால் ஆளை மீண்டும் மறியலுக்கு அனுப்பிய குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல.

ஓகஸ்ட் 15

எல்லாரும் நீதவானைப் பற்றியே கேட்கிறீர்கள். வழக்கின் பாதி, அடி விழுந்த அன்று இரவு வைத்தியசாலையில் எழுதப்பட்டு விடுகிறது.

பொலிஸ் ஒரு போம் கொடுக்கும். சட்ட வைத்திய அதிகாரியோ, அந்த ஆஸ்பத்திரியில் அதற்குப் பொறுப்பான வைத்தியரோ காயத்தைப் பார்த்து நிரப்புவார். என்ன காயம், எத்தனை, எந்த இடம், மொட்டைப் பொருளா கூர்ப்பொருளா. மறுகா வகை போடுவார்: பாரதூரமற்றது, பாரதூரமானது, உயிருக்கு ஆபத்தானது, வழமையான போக்கில் மரணம் விளைவிப்பது. அந்த ஒரு அடையாளம்தான் பிறகு 314 ஆகவும் 316 ஆகவும் 300 ஆகவும் உருமாறி நீதிமன்றத்துக்கு வருகிறது. முதல் இரவு வீக்கம் மட்டும் தெரிந்து பாரதூரமற்றது என்று எழுதி, மூன்றாம் நாள் எக்ஸ்ரேயில் வெடிப்புத் தெரிந்து மாறியதும் உண்டு. ஆகவே "பொலிஸ் சின்னக் கேஸ் எண்டுதான் சொன்னாங்க, பிறகு மாத்திட்டாங்க" என்பதில் எப்போதும் சதி இருக்காது. எலும்பு பிந்திப் பேசியிருக்கும்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியாது. நம் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. அடித்தவனும் போய் ஆஸ்பத்திரியில் படுப்பது. எதிர் முறைப்பாடு வேண்டுமாம். ஒரே வார்டில் எதிரெதிர்க் கட்டிலில் இரண்டு பகுதியும் படுத்திருக்க, இரண்டு பகுதிச் சனமும் கூஜாவும் பாயுமாக வந்து நிற்க, தாதி யாரைக் கலைப்பது என்று தெரியாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பிக்கு உண்மையில் காயம் இருந்தால் காட்டட்டும். இல்லாவிட்டால் வேலிக் கம்பியால் கீறிக்கொண்டு போக வேண்டாம். தானே கீறிய கீறல் வைத்தியருக்குத் தெரியும். கை எட்டும் இடத்தில் மட்டும், ஒரே ஆழத்தில், வரிவரியாக இருக்கும்.

ஓகஸ்ட் 17

கதை மாறிவிட்டது. கேள்வி கேட்ட அண்ணன்காரர் தனியாக எழுதியதை அவரின் அனுமதியோடு சுருக்கிப் போடுகிறேன். பொல்லு சண்டை நடந்த இடத்தில் கிடந்ததில்லை. வாய்த்தர்க்கம் முடிந்து, வீட்டுக்குப் போய், எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. அடிக்கும்போது இவரும் அங்கே நின்றிருக்கிறார். "பிடிக்கத்தான் போனேன்" என்கிறார். ஒரு சித்தப்பாவும் நின்றிருக்கிறார்.

11 ஆம் திகதி எழுதியதில் பாதியை இப்போது வேறு விதமாக வாசிக்க வேண்டும்.

ஒன்று, திடீரென்று கடுமையாக ஆத்திரமூட்டப்பட்டு அடித்தால் தண்டனை குறையும் பிரிவுகள் இருக்கின்றன. வீட்டுக்குப் போய் வந்தவர் "திடீர்" என்று சொல்வது கஷ்டம். நடந்து போன தூரம் எத்தனை யார் (கெஜம்) என்று கேட்பார்கள்.

மற்றது, 32 ஆம் பிரிவு. பலர் ஒரே எண்ணத்தோடு ஒரு குற்றத்தைச் செய்தால், பொல்லைத் தொடாதவரும் தொட்டவரைப் போலப் பொறுப்பாளி. நீங்கள் பிடித்தது உங்கள் தம்பியையா, பக்கத்து வளவுக்காரரையா? இதற்கு என்னிடம் பதில் சொல்ல வேண்டாம். இந்தப் பக்கத்தில் எழுதவே வேண்டாம். உங்கள் சட்டத்தரணியிடம் மட்டும் சொல்லுங்கள். ஐந்து பேர் ஆகியிருந்தால் சட்டவிரோதக் கூட்டம் என்று இன்னொரு குற்றமும் சேர்ந்திருக்கும். மூன்று பேரோடு நின்றது நல்லது. சித்தப்பாவை மறந்துவிடாதீர்கள், அவருக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

"பெரிய ஆள் மாதிரிப் புத்தி சொல்றீங்க, நீங்க ஏன் கூண்டுல நின்டீங்க?" என்று கேட்டவருக்கு.

2004 சிறுபோகம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை எங்கள் வயலுக்கு இரவுத் தண்ணீர் முறை தந்திருந்தார். பத்து மணிக்கு வாய்க்காலுக்குப் போனால் தண்ணீர் இல்லை. மேலே போய்ப் பார்த்தால் என் மச்சான், அம்மாவின் அண்ணன் மகன், வாய்க்காலை மறித்து மண் போட்டுத் தன் வரவைக்குத் திருப்பியிருந்தான். பிறகு நடந்த பேச்சை எழுதினால் இந்தப் பக்கத்தை மூட வேண்டி வரும். கையில் மண்வெட்டி. இலையைக் கழற்றிப் பிடியை எடுத்தேனா, ஏற்கெனவே கழன்றிருந்ததா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. அடித்தேன். அவன் இடது கையைக் குறுக்கே கொண்டு வந்தான். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டன. தகடு வைத்தார்கள். மூன்று மாதம் அவனால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. விளைந்ததை அவன் மனிசிதான் ஆள் பிடித்து வெட்டினாள்.

விடிய நானே பொலிசுக்குப் போனேன். எந்த நிலையம் என்று எழுதமாட்டேன். வாக்குமூலம் இரண்டு பக்கம், முழுக்கச் சிங்களம். வாசித்துக் காட்டவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் 13 ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. அந்த மேசைக்கு அது வந்து சேர்ந்திருக்கவில்லை. பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, "மண்வெட்டிப் பிடி" என்று நான் சொன்னது "அலவாங்கு" என்று எழுதப்பட்டிருந்தது. மரம் இரும்பாகிவிட்டது. 316 என்று வர வேண்டியது 317 என்று வந்தது. பொலிசாருக்குச் செய்த குற்ற ஒப்புதலை எனக்கெதிரான சான்றாக வைக்க முடியாதுதான். ஆனால் குற்றப்பத்திரம் தயாரிப்பவர் அந்தத் தாளைத்தானே பார்க்கிறார். கடைசியில் தடயப் பொருளாக வந்தது மரப்பிடி. என் சட்டத்தரணி அதைக் கையில் தூக்கிக் காட்டிய நாள்தான் 316 ஆக மாறியது.

இடையில் டிசம்பர் 26 வந்தது. மச்சான் பாண்டிருப்பில் கடற்கரைப் பக்கம் இருந்தான். அவனும் மனிசியும் பிள்ளையும் தப்பினார்கள், வீடு அத்திவாரம் மட்டும் நின்றது. எங்கள் வீடு உள்ளே இருந்ததால் தப்பியது. மாமா மகன் தெருவில் நிற்க முடியுமா? அம்மா போய்க் கூட்டி வந்தா. நாலு மாதம் எங்கள் வீட்டில் இருந்தார்கள்.

வழக்கு மட்டும் நிற்கவில்லை. தவணை நாளில் முறைப்பாட்டுக்காரனும் எதிரியும் ஒரே வீட்டில் குளித்து, ஒரே சட்டியில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, என் பழைய ஹொண்டாவில் ஒன்றாக நீதிமன்றத்துக்குப் போனோம். அவன் பின்னால் இருந்து, தகடு வைத்த கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். வாசலில் எங்களைக் கண்ட சட்டத்தரணி கத்தினார்: "டேய், ஒராளாவது பஸ்ஸுல வந்திருக்கலாமேடா!"

2006 இல் குற்றத்தை ஏற்றேன். ஆறு மாத மறியல், ஐந்து வருடத்துக்கு ஒத்திவைப்பு. 1500 ரூபாய் குற்றப்பணம், 25,000 ரூபாய் நட்டஈடு. சட்டத்தரணிக்குக் கொடுக்க மிச்சக் காசு இல்லை. எழுதுவேலை செய்து கழிக்கச் சொன்னார். இன்னும் கழிந்த பாடில்லை.

ஓகஸ்ட் 18, இரவு

இல்லை, அந்த ஹொண்டாவின் படம் என்னிடம் இல்லை.

ஓகஸ்ட் 20

"316 என்றால் ஏழு வருடம் வரை என்றீங்க, உங்களுக்கு எப்படி ஆறு மாதம்? ஆள் பிடிச்சீங்களா?"

முதல் நாளே எழுதியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். இந்த அடிதடி வழக்குகளில் பெரும்பாலானவை நீதவான் நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி நீதவானின் சாதாரண தண்டனை அதிகாரம் இரண்டு வருட மறியல், 1500 ரூபாய் குற்றப்பணம். புத்தகத்தில் பத்து என்று இருந்தாலும் நீதவான் கையில் இருப்பது இரண்டு. சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தால்தான் ஏழும் பத்தும் உண்மையில் மேசைக்கு வரும். 300 என்றால் அங்கேதான் போகும்.

மறியல் இரண்டு வருடத்துக்கு மேற்படாவிட்டால் அதை ஒத்திவைக்க இடமுண்டு. ஒத்திவைக்கும் காலம் ஐந்து வருடத்துக்குக் குறையாது. அதற்குள் இன்னொரு குற்றம் செய்தால் பழைய மறியலும் எழும்பி வரும். 1999 இலிருந்து சமுதாயஞ்சார் சீர்திருத்தம் என்று, மறியலுக்குப் பதிலாகப் பொதுவேலை செய்ய விடும் சட்டமும் இருக்கிறது. நட்டஈடு தனி. அதைத் தவணைத் தவணையாகக் கட்டவும் நீதிமன்றம் விடலாம்.

ஒத்திவைப்பு என்றால் தப்பினேன் என்று நினைத்திருந்தேன். 2008 இல் கட்டாருக்கு ஒரு வேலை சரிவந்தது. பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டார்கள். அத்தோடு முடிந்தது. அந்த ஐந்து வருடமும் கல்யாண வீட்டில், மீன் சந்தையில், பஸ் வரிசையில் எவன் இடித்தாலும் கையைக் களிசான் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. போட்டோக்களில் பார்த்தால் எல்லாவற்றிலும் பெரிய துரை மாதிரி நிற்பேன்.

ஓகஸ்ட் 21

பழைய சட்டப் புத்தகம் வைத்திருக்கும் ஐயாவுக்கு: சில பிரிவுகளில் கசையடி என்று இருப்பது உண்மை. 2005 இல் தனிச் சட்டம் கொண்டுவந்து அதை நீக்கிவிட்டார்கள். புத்தகத்தை மாற்றுங்கள்.

ஓகஸ்ட் 29

பிணை கிடைத்துவிட்டது. தம்பி மண்டூரில். அம்மா சாப்பிடுகிறா. கனடா மாமாவின் நம்பரை மறைத்து வைத்திருக்கிறார்களாம்.

செப்டெம்பர் 8

ஒரு தங்கச்சி தனியாகக் கேட்டது. பெயர், ஊர் எதுவும் போடவில்லை. "வீட்டுக்குள்ள அடிச்சா இந்தப் பிரிவெல்லாம் இல்லத்தானே?"

இருக்கிறது. 314 இல் "புருசன் தவிர" என்று எழுதியில்லை. பல் உடைந்தால் புருசனுக்கும் 316. அது தவிர 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அவரை மறியலுக்கு அனுப்பாமலேயே, கிட்ட வரக்கூடாது, அடிக்கக்கூடாது என்று நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரை. அதை மீறினால் அது ஒரு குற்றம். காயம் மாறுவதற்குள் வைத்தியரிடம் காட்டி எழுதுவித்து வையுங்கள். "விழுந்துட்டன்" என்று சொன்னால் அப்படித்தான் எழுதுவார்கள், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. இதற்குக் கீழே யாரும் பகிடி எழுத வேண்டாம். எழுதியிருந்த இரண்டை எடுத்துவிட்டேன்.

செப்டெம்பர் 22

தேர்தல் முடிந்து வெடிச்சத்தம் ஓய்ந்திருக்கிறது. இனி எழுதலாம்.

"ஏன் இதெல்லாம் கோட்டுக்குப் போகணும், மத்தியஸ்த சபையில முடிக்கலாமே" என்கிறார்கள் இரண்டு பேர். 314 போன்ற சிறு காயத்துக்கு அது சரி. 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படியானவை முதலில் அங்கேதான் போக வேண்டும், இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழோடு நீதிமன்றத்துக்கு வரும். எங்கள் பக்கத்தில் சனி ஞாயிறுகளில் பாடசாலை மண்டபத்தில் சின்னப்பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் இடிக்க இருந்து பேசுவார்கள். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு கனநேரம் கோபமாக இருக்க முடியாது. ஆனால் 317 என்று பொலிஸ் கொண்டுபோன வழக்கை ஊரில் நாலு பெரியவர்கள் கூடிக் "கைவிட்டாச்சு" என்று சொல்லி முடிக்க முடியாது. முறைப்பாட்டுக்காரர் மனம் மாறினாலும் வழக்கை நடத்துவது அவர் இல்லை.

ஒக்டோபர் 6

படுவான்கரைத் தம்பி கேட்கிறார்: "ஒரு தொகை கொண்டு போய் அவங்கட வீட்டுல குடுத்து, வேலிக்கு அங்கால கதைச்சு, கோட்டுல கொஞ்சம் மாத்திச் சொல்லச் சொன்னா என்ன?"

நட்டஈடு கொடுக்க விரும்பினால் சட்டத்தரணி மூலம், நீதிமன்றத்துக்குத் தெரிய. "மாத்திச் சொல்ல" என்று ஒரு சொல் வாயில் வந்தால் அது வேறு குற்றம். பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கென்று 2015 இல் ஒரு சட்டம் வந்தது, 2023 இல் அதற்குப் பதிலாகப் புதியது வந்திருக்கிறது. பிணையும் போகும். போகாதீர்கள்.

இதை எழுதிவிட்டு, இங்கே போடுவதற்கு முதல் இரண்டு நாள் யோசித்தேன். ஓகஸ்ட் 18 இல் ஒரே மோட்டார் சைக்கிள் கதையைப் பகிடியாக எழுதினேன். நீங்களும் சிரித்தீர்கள், நிறையப் பேர் பகிர்ந்திருக்கிறீர்கள். இப்போது வாசித்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சான் நீதிமன்றத்தில் எனக்கு ஆதரவாகத்தான் பேசினான். நட்டஈடும் வேண்டாம் என்றான், நீதவான்தான் போட்டார். அப்போது எனக்கு அது பெருமை. அடித்தாலும் சொந்தம் சொந்தம்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனால் அவன் அதற்கு முந்திய வருடம் எங்கே இருந்தான்? வீடு போய், தொழில் போய், என் அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, என் வீட்டு விறாந்தையில் படுத்திருந்தவன். வேறு என்ன சொல்லியிருப்பான்? நான் ஒரு சதமும் கொடுத்து மாற்றிச் சொல்லச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. அந்தத் தம்பிக்குப் போகாதே என்று சட்டம் காட்டுகிற நான், அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன்.

நட்டஈட்டு 25,000 ஐ அவன் எங்கள் அம்மாவின் கையில்தான் கொடுத்தான், இருந்த நாலு மாதத்துக்கு என்று. அம்மா வாங்கிக்கொண்டா. இதை ஓகஸ்டில் எழுதவில்லை.

ஒக்டோபர் 7

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்று எழுதிய ஐந்து பேருக்கும் நன்றி. ஒருவர் மட்டும் "அவரிட்டக் கேட்டுப் பாருங்களன்" என்று எழுதியிருக்கிறார்.

நவம்பர் 17

வாடியில் நெல்மூட்டை திருட வந்தவனை அடிக்கலாமா என்று அம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர். உடலையும் உடைமையையும் காக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, 89 இலிருந்து 99 வரை அதைத்தான் பேசுகிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சி அடிக்க இடமில்லை. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து, மரத்தில் கட்டி, ஊர் கூடி அடித்தால் அது காத்தல் இல்லை. ஊர் கூடினால் ஐந்து பேருக்கு மேல்தானே. மேலே சட்டவிரோதக் கூட்டம் பற்றி எழுதியதை வாசியுங்கள்.

2025 ஜனவரி 12

படுவான்கரை வழக்கு: குற்றச்சாட்டு 316. தம்பி மட்டும் எதிரி, அண்ணனும் சித்தப்பாவும் சாட்சிப் பட்டியலில்கூட இல்லை. பொல்லு அவர்கள் வீட்டுக் கிடுகு வேலிக் கம்புதான், வேலியில் இன்னும் அந்த இடைவெளி இருக்கிறதாம். அடுத்த தவணை மார்ச்சில். பக்கத்து வளவுக்காரர் மாவுக்கட்டைக் கழற்றிவிட்டார், ஆனால் தோணி வலிக்க முடியவில்லையாம். இதைக் கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார், நான் கேட்கவில்லை.

2025 ஜனவரி 19

பொங்கலுக்கு மச்சான் வீட்டுக்குப் போனேன். இந்தப் பக்கம் முழுவதையும் அவன் மகள் போனில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவன் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. தண்ணீர் முறை அன்றைக்கு அவனுடையதுதானாம், வட்டவிதானை மாற்றிச் சொல்லியிருந்தாராம், 20 வருடமாக இதைத்தான் சொல்கிறான். 25,000 பற்றிக் கேட்டேன். "மாமி கேட்டவ, குடுத்தன்" என்றான்.

பிறகு ஒரு பிழை திருத்தச் சொன்னான். ஓகஸ்ட் 18 ஆம் திகதிக் குறிப்பில் "இடது கை" என்று இருப்பதை "வலது கை" என்று வாசிக்கவும்.